ஜானவாசக் காரில் குவைத் ஸ்டீரியோ

என் தாய்மாமாவுக்கு மைசூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அதில் இரண்டே பேர் உட்காரலாம். மாமாவுக்குக் குழந்தைகள் நான்கு. ஆகவே குடும்பத்தோடு சாமுண்டி மலைக்குப் போவதென்றால் மாமி நான்கையும் கூட்டிக்கொண்டு சிட்டி பஸ்ஸில் போவாள். மாமா பின்னால் காரில் தனியாக வருவார். பாதி மலையில் கார் நின்றுவிடும். பஸ் ஜன்னலிலிருந்து கடைக்குட்டி அப்பாவுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போவான். இதை நானே இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன்.

குடகில் காப்பி எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. மாமாவுக்கு முன் மூன்று பேர் அதை வாங்கி, மூன்று பேரும் புத்தி தெளிந்து விற்றிருந்தார்கள். மாமாவுக்கு அந்தத் தெளிவு கடைசிவரை வரவில்லை. சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க் அவர். மைசூர் ராஜ்யம் கர்நாடகமாகி ஐந்தாறு வருஷம் ஆன பிறகும் பழைய பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பையே குத்திக்கொண்டிருந்த சுறுசுறுப்பு. ஆனால் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வேறு ஆள் ஆகிவிடுவார். "ஸ்போர்ட்ஸ் மாடல்டா. காத்தைக் கிழிச்சுண்டு போகும்" என்பார். சயாஜி ராவ் ரோட்டில் டாங்காக்காரர்கள் அதை முந்திக்கொண்டு போவார்கள். குதிரைகூடத் திரும்பிப் பார்க்காது.

அந்தக் காருக்கு ஊரில் ஒரே ஒரு உபயோகம்தான் இருந்தது. மேல்துணி எப்போதோ கிழிந்துபோனதால் அது எந்நேரமும் திறந்தே இருக்கும். ஆகவே மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம் என்றால் ஜானவாசத்துக்கு அந்தக் காரைத்தான் கேட்பார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோவிலிலிருந்து நாதஸ்வரத்தோடு மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வர ஒரு திறந்த கார் வேண்டுமல்லவா? மாமா வாடகை வாங்கமாட்டார். தானேதான் ஓட்டுவேன் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. கோட்டு மாட்டி, ஜரிகை போட்ட மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையைவிடப் பந்தாவாக உட்கார்ந்திருப்பார். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் மாலையைக் கொண்டுவந்து மாமா கழுத்தில் போட்டுவிட்டார். மாமா அதைக் கழற்றவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிகல் ஃபிட்டர். ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பாட்டரி எல்லாம் என் வேலை. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் தலைக்கு ஏறியிருந்ததால் யாரைப் பார்த்தாலும் எனக்கு இளப்பம். எதையும் ஒரு தடவைதான் சொல்வேன். காதில் வாங்காதவன் அனுபவிக்கட்டும் என்று இருப்பேன். மாமாவைப் பொறுத்தவரை அந்த ஒரு தடவையே அதிகம் என்று நினைத்தேன்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த வருஷம்தான். அவளுக்கு இருபத்துமூன்று வயது. அதற்கு முன் இரண்டு இடங்கள் கைகூடி வந்து நின்றுபோயிருந்தன. ஒன்றில் ஜாதகம் என்றார்கள். இன்னொன்றில் காரணமே சொல்லவில்லை. அதற்குள் எங்கள் வீட்டில் முறுக்குச் சுற்றியாகிவிட்டது. மூன்றாவதாகக் குண்டலுபேட்டையிலிருந்து இந்த இடம் வந்தபோது அவள் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "இதுவும் நின்னுபோச்சுன்னா இனிமே யார் முன்னாலயும் வந்து உட்காரமாட்டேன்பா. என்னை விட்டுடுங்கோ." அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் மாற்றிக்கொள்கிறவளும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா அன்றிலிருந்து கல்யாணம் முடியும்வரை ஒழுங்காகத் தூங்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா குண்டலுபேட்டையில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். பையன் குவைத்தில் எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினியர் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. என் தோளில் கையைப் போட்டு, "இவனும் ரயில்வேல என்ஜினியர்தான்" என்றார். எதிராளி ஒன்று வைத்திருந்தால் நம் பக்கமும் ஒன்று இருக்க வேண்டும் அவருக்கு. நான் ஃபிட்டர் என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வந்திருந்தான். பெரிய டயல் வைத்த கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, பத்தடி தூரத்திலேயே மூக்கில் ஏறும் சென்ட். குவைத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அப்போது அப்படித்தான் இருந்தார்கள். சீருடை கொடுத்து அனுப்புகிறார்களோ என்று தோன்றும். எந்தக் காலேஜ், என்ன படிப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை கொடுத்ததாக ஆகிவிடுமே. அவனாக இரண்டு தடவை என்னிடம் பேச்சுக் கொடுத்தான். நான் "ம்" என்றேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா குண்டலுபேட்டை பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஜானவாசத்துக்குக் கார் தருகிற மாமாவுக்கு மாப்பிள்ளையின் மரியாதையாம். உள்ளே ஜப்பான் கார் ஸ்டீரியோ. கேசட்டும் பாடும், ரேடியோவும் பாடும். முகப்பெல்லாம் வெள்ளி மாதிரிப் பளபளப்பு. மாமி அதற்குக் குங்குமம் வைத்துப் பூஜை அலமாரியில் சாமி படங்களுக்கு நடுவில் வைத்தாள். மாமா எனக்கு ஆள் அனுப்பினார்.

"நாளைக்கே இதைக் கார்ல மாட்டிடு. மாப்பிள்ளை தான் குடுத்த செட்டுல பாட்டுக் கேட்டுண்டே ஊர்வலம் வரணும்."

"கார்ல இருக்கற ரேடியோ நன்னாத்தானே இருக்கு மாமா?"

"அது கிழம்டா. வாயைத் திறக்கறதுக்கே ஒரு நிமிஷம் ஆறது."

ஒரு நிமிஷம் ஆனது உண்மைதான். கார் செய்த தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பிய வால்வு ரேடியோ அது. சாவியைத் திருப்பினால் முதலில் அதோடு சேர்ந்த ஒரு தகரப்பெட்டி ரீங்காரம் செய்யும். வால்வுகள் மெல்லச் சூடேறும். அப்புறம் ஒரு குரல் வரும் பாருங்கள், கனமாக, தெளிவாக, பேசுகிறவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தந்த நிறத்தில் ஐந்து பொத்தான்கள். அந்தக் காரில் பிரேக் பிடிக்காது, ஹாரன் கெஞ்சினால்தான் அடிக்கும், பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். ஒழுங்காக வேலை செய்தது ரேடியோ ஒன்றுதான். அதைக் கழற்றுவதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

லீவு போட்டுவிட்டு லட்சுமிபுரத்தில் மாமா வீட்டு ஷெட்டுக்குப் போனேன். ரேடியோவைப் பிடித்திருந்த பித்தளைத் திருகுகள் இருபது வருஷத்துக்கு மேலாகியும் முனை மழுங்காமல் இருந்தன. கழற்றி மேஜைமேல் வைத்தபோது அதைச் செய்தவன்மேல் எனக்கு மரியாதை வந்தது. எனக்கு மரியாதை வருவதே அபூர்வம். மாமா அதை ஒரு சாக்கில் போட்டுப் பரண்மேல் தள்ளினார். புது செட் அந்த ஓட்டைக்குள் நுழையவில்லை. டேஷ்போர்டுத் தகட்டை அரத்தால் ராவச் சொன்னார். மாமா பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம்டா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, அழகான ஒரு முகப்பை எலி கடித்த ரொட்டியாக ஆக்கி முடித்தேன்.

அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேறு. அந்தக் காலத்துச் சீமைக் கார்களில் பாட்டரியின் பிளஸ் முனையைக் காரின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். பின்னால் வந்த கார்களில் எல்லாம் மைனஸ்தான் உடம்போடு சேரும்; ஜப்பான் செட்டும் அதற்காகவே செய்தது. செட்டின் தகரக்கூடு காரின் தகட்டைத் தொட்டால் பிளஸும் மைனஸும் கைகுலுக்கிக்கொள்ளும். அப்புறம் புகைதான்.

இதை மாமாவிடம் சொன்னேன்.

"பாட்டரி ஒண்ணுதானே? திருப்பிப் போட்டுடேன்" என்றார்.

திருப்பிப் போடலாம்தான். ஆனால் டைனமோவையும் அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும், மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இன்னும் ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்திருக்கும். இந்த மனுஷருக்கு இது போதும் என்று விட்டேன். தேவராஜ மொஹல்லாவில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் மின்சாரம் பாயாத பேக்லைட் தகடு வாங்கினேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டினேன். செட் எங்கேயும் காரைத் தொடாமல் பேக்லைட்டும் ரப்பருமாகச் சுற்றி உட்காரவைத்தேன். மாட்டிய வரைக்கும் சுத்தமான வேலை. கேசட் போட்டதும் பாடியது.

மிச்சம் இருந்தது ஏரியல் வயர். பழைய ரேடியோவுக்காக மட்கார்டின்மேல் நட்டிருந்த ஏரியலிலிருந்து வருகிற வயர் அது. அதன் வெளியே பின்னியிருக்கும் கம்பி காரின் உடம்போடு சேர்ந்தது. அதைச் செட்டில் சொருகினால் நான் கட்டிய ரப்பர்க் கோட்டை அவ்வளவும் வீண்.

"மாமா, கேசட் மட்டும் போடுங்கோ. ரேடியோ பக்கமே போகாதீங்கோ. இந்த ஏரியலை யாரும் சொருகப்படாது. சொருகினா எரிஞ்சுடும்."

"ஆய்த்து, ஆய்த்து" என்று கன்னடத்தில் தலையாட்டினார் மாமா. அந்நேரம் அவர் கார்க் கண்ணாடியில் பார்த்து ஜானவாசத்துக்கான பேட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தார். "சும்னே பயமுறுத்தாதே."

ஏரியல் முனையில் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றியிருக்கலாம். டேப் என் பையிலேயே இருந்தது. சொன்னதைக் கேட்காதவருக்கு டேப் ஒரு கேடா என்று டேஷ்போர்டுக்குக் கீழே அப்படியே தொங்கவிட்டேன்.

ஜானவாசத்தன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கிருஷ்ணமூர்த்திபுரத்துப் பிள்ளையார் கோவிலிலிருந்து கிளம்பினோம். முன்னால் தவிலும் நாதஸ்வரமும். மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக, கழுத்தில் ரோஜா மாலையோடு, மாமாவின் இடதுபக்கம். வண்டி நின்றுவிட்டால் தள்ளுவதற்காக நாலு பேர் பின்னால். பெண்ணின் அண்ணன் என்பதால் நான் மாப்பிள்ளையின் கதவில் கைவைத்தபடி கூட நடந்தேன். வயர் போட்டவனும் நான்தானே.

நாதஸ்வரக்காரர் ஆலாபனையை ஆரம்பித்ததும் மாமா கேசட்டைத் தட்டினார். அதிலும் நாதஸ்வரம்! முன்பு ஏதோ ஒரு கல்யாணத்தில் மாமாவே டேப்ரெக்கார்டரைப் பந்தல் காலில் கட்டிப் பதிவு செய்தது. முன்னால் ஒரு ராகம், காருக்குள் வேறொரு ராகம். தவில்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். கேசட்டில் நடுநடுவே இருமல், இலை போடும் சத்தம், கடைசியில் மாமாவின் குரலே உரக்க வந்தது: "ஏண்டா, காப்பி இன்னும் வரலையா?" ஊர்வலத்தில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் கூடச் சிரித்தார். தன்னைப் பார்த்து என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அன்று மாலை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

மண்டபத்துக்கு நாலு வீடு முன்னால் நாதஸ்வரத்துக்காக ஊர்வலம் நின்றபோது கேசட் சிக்கிக்கொண்டு கீச்சென்றது. மாப்பிள்ளை அதை வெளியே எடுத்து, சிக்கின நாடாவைப் பக்குவமாக விடுவித்து, சுண்டுவிரலை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான். மாமாவுக்கு அதுவரை பொறுமை இல்லை.

"ரேடியோவைப் போடுங்கோ மாப்ளே. ஏதாவது பாடும்" என்றார்.

முதல் நாள் நான் சொன்னது ஒரு வார்த்தைகூட அவர் தலையில் தங்கவில்லை. மாப்பிள்ளை ரேடியோவுக்கு மாற்றினான். வெறும் இரைச்சல். குமிழைத் திருகினான். இரைச்சல்தான்.

"ஏரியல் போடலை போலிருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குனிந்தான்.

நான் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவன் கை டேஷ்போர்டுக்குக் கீழே துழாவுவதைப் பார்த்தேன். தொங்கிய வயர் கையில் அகப்பட்டதைப் பார்த்தேன். அடுத்தது என்ன ஆகும் என்று அந்த ஊர்வலத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்ல நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. சொல்லவில்லை. என்ஜினியர் மூக்கு நாலு பேர் நடுவில் உடையட்டும் என்று இருந்தது எனக்கு. ஒரு பொறி பறக்கும், பயந்து கையை உதறுவான், அப்புறம் நான் போய்ச் சரிசெய்வேன் என்று கணக்குப் போட்டேன்.

சொருகினான்.

பொறியோடு நிற்கவில்லை. செட்டின் சிவப்பு வயரில் ஃபியூஸ் போட்டிருந்தேன். மின்சாரம் போனதோ கறுப்பு வயர் வழியாக. அதிலும் ஒரு ஃபியூஸ் போட்டிருக்க வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸுக்குக்கூடத் தெரியும். வயரின் ரப்பர் உருகி, டேஷ்போர்டுக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை வந்தது. மாமா "அய்யய்யோ" என்று காரை நடுரோட்டில் விட்டுவிட்டு முதல் ஆளாகக் கீழே குதித்தார். பேட்டா கழன்று காருக்குள்ளேயே விழுந்தது. நாதஸ்வரம் நின்றது. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

காரில் இருந்தபடியே மாப்பிள்ளைதான் வேலையில் இறங்கினான். கொதிக்கிற ஏரியல் முனையை வெறும் கையால் பிடுங்கி எறிந்தான். சீட்டுக்குப் பின்னால் எட்டி, பாட்டரி மூடியைத் தூக்கி, டெர்மினலை முறுக்கிக் கழற்றினான். பத்து நொடிகூட ஆகியிராது. அப்புறம் ரோஜா மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து, எரிந்த வயரை விரலால் தடவிக்கொண்டே போய் எது எங்கே போகிறது என்று பார்த்தான். முதலில் கையால் தடவி, அப்புறம் கண்ணால் பார்ப்பது. காலேஜில் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். நான் பார்க்கிற விதமும் அதுதான். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் என்ஜினியர் இல்லை என்று.

அதற்குள் ரோட்டில் சண்டை கிளம்பிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஜானவாசத்துல புகை! இதைவிட அபசகுனம் என்ன வேணும்? எம் பிள்ளையை உட்காரவெச்சுக் கொளுத்தப் பார்த்தேளா?" அவருடைய தம்பி, இப்படியே குண்டலுபேட்டைக்கு பஸ் பிடிக்கலாம் என்றார். எங்கள் அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். மாமா, அந்த மகானுபாவர், என்னைக் காட்டினார்.

"இவன்தான் ஓய் வயர் போட்டான்! நான் கடையில குடுக்கலாம்னுதான் சொன்னேன். ஏரியலைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பெண்ணோட அண்ணாவே இப்படிப் பண்ணினா இந்தச் சம்பந்தம் எதுக்கு?" என்று மாப்பிள்ளையின் அப்பா கத்தினார். மாமாவின் பொய்யை உடைக்கலாம். ஆனால் உடைத்தால், அவன் குனிந்தபோது நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்ற கேள்வி வரும்.

மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி வந்தான். கோட்டில் கரி. வலதுகையின் இரண்டு விரல்கள் கொப்பளித்திருந்தன.

"அப்பா, அவரை ஒண்ணும் சொல்லாதீங்கோ. அவர் மாட்டினது சரியாத்தான் இருக்கு. ரப்பர் கொடுத்துத் தனியாப் பிரிச்சு வெச்சிருக்கார். ஏரியலை வேணும்னுதான் சொருகாம விட்டிருக்கார். நான்தான் பாக்காம சொருகினேன். இந்த மாதிரிப் பழைய கார்ல பாடிக்குப் பிளஸ்னு கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லை. தொங்கற ஏரியலைக் கண்டா கை தானாப் போயிடறது. தினம் ஏழெட்டுக் கார்ல இதைத்தான் மாட்டறேன்."

"ஏழெட்டுக் கார்லயா?" என்றார் மாமா.

"ஆமாம் மாமா. குவைத்துல கார் ஸ்டீரியோ மாட்டற கடை. நான் அங்க ஃபிட்டர். என்ஜினியர் இல்லை."

அவனுடைய அப்பா பிளாட்பாரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது எங்கள் பக்கத்துக்கு வீரம் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்த மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஃபிட்டருக்கா எங்க பொண்ணைக் குடுக்கறது? மோசடி! இவன் ரயில்வேல என்ஜினியர், தெரியுமோன்னோ!" என்று மறுபடியும் என் தோளில் கைவைத்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். ஒரு ஃபிட்டரின் வேலையை இன்னொரு ஃபிட்டர் பார்த்தால் தெரியாதா? நான் கட்டிய சைக்கிள் டியூபை அவன் தடவிப் பார்த்திருக்கிறான். அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மண்டபத்து வாசலில் சலசலப்புக் கேட்டது. என் தங்கை இறங்கி வந்திருந்தாள். ஜானவாச நேரத்தில் பெண் வாசலுக்கு வரக்கூடாது என்று அம்மா பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தாள். அப்பா, "உங்கிட்டயே கேக்கறேம்மா. என்ன பண்ணட்டும்?" என்றார்.

அவள் என்னிடம் திரும்பினாள்.

"அண்ணா, மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துண்டிருந்தேன். அவர் குனியறச்சே நீ பக்கத்துலதான் நின்னே. அவர் கையையே பாத்துண்டு நின்னே. நீ ஏதாவது சொல்லணுமா?"

சுற்றிலும் அறுபது எழுபது பேர். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் சொல்வதற்கு இடம் விட்டுக் கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவள் என்னை விட்டுத் திரும்பினாள். அப்புறம் அப்பாவிடம், "கல்யாணம் நடக்கட்டும்பா" என்றாள். "நான் இவரோடயே போயிடறேன்." மாமா ஏதோ ஆரம்பித்தார். "மாமா, நீங்க சும்மா இருங்கோ" என்றாள். அவள் பெரியவர்களை அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாமா சும்மா இருந்தார். காரை நாலு பேர் ஓரமாகத் தள்ளினார்கள். மாப்பிள்ளை மண்டபத்துக்கு நடந்தே வந்தார்.

மறுநாள் காலை, தாலி கட்டியாகிவிட்டது. பொரியிடுவதற்குப் பெண்ணின் சகோதரன் வரணும் என்று சாஸ்திரிகள் கூப்பிட்டார். தங்கை இரண்டு கையையும் சேர்த்து ஏந்தியிருந்தாள். அவள் கைக்குக் கீழே மாப்பிள்ளையின் கை, இரண்டு விரலில் வெள்ளைத் துணி சுற்றி. நான் முறத்திலிருந்து பொரியை அள்ளி அவள் கையில் போட வேண்டும். மூன்று தடவை. மூன்று தடவையும் அவள் பொரியை மட்டும்தான் பார்த்தாள். போட்ட கை யாருடையது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவசரமாகக் கொட்டியதில் பாதிப் பொரி அந்தத் துணி சுற்றிய விரல்களின்மேல் சிந்தியது.

"மெதுவாப் போடுங்கோ சார்" என்றார் அவர். "அவசரமில்லை."